செருப்பில்லாத ஃபோர்மேனுக்கு

இன்று காலை என் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்ணின் சேலையில் கந்தக வாசம் அடித்தது. ஏழாயிரம்பண்ணைக்காரி, பட்டாசுக் கம்பெனியில் வேலை. புதிதாகச் சுகர் இருப்பது தெரிந்து டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாசத்தோடுதான் இருபது வருஷம் குடும்பம் நடத்தினேன் என்பது அவளுக்குத் தெரியாது. "வீட்டுக்குள்ளகூட செருப்பில்லாம நடக்கக் கூடாதும்மா" என்று வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன். "நல்லாச் சொன்னீக போங்க. கம்பெனிக்குள்ள செருப்போட போனா எங்க ஃபோர்மேன் அப்படியே வேன்ல ஏத்தி அனுப்பிருவாரு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். உங்களை நினைத்துத்தான்.

வார்டு நர்ஸ் வேலையை விட்டு, சுகர் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் படிக்கப்போகிறேன் என்றபோது வீட்டில் ஒருவருக்கும் அது வேலையாகவே படவில்லை. ஊசி போடாமல், கட்டுக் கட்டாமல், உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு படிப்பா என்று உங்கள் அம்மா கேட்டார்கள். "பேசுறதுக்கு ஆள் எடுக்காகன்னா இவளை விட்டா வேற யாரு?" என்றீர்கள் நீங்கள். கிண்டல்தான். ஆனாலும் நான் மதுரைக்குப் பயிற்சிக்குப் போன நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு வடித்தது நீங்கள். வேலையில் சேர்ந்ததும் 'சீனி டீச்சர்' என்று எனக்குப் பெயரும் வைத்துவிட்டீர்கள்.

ஆமத்தூர் சர்ச் ஹாலில் என் முதல் முகாம். விரலில் குத்தி ரத்தம் எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. நீங்கள் ஃபோர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனி ஆட்களெல்லாம் சுவரோடு ஒட்டி நின்றார்கள். "ஏலே, எறும்பு கடிக்கிற மாதிரிதாம்லே. இங்கன பாருங்க" என்று விறைப்பாக விரலை நீட்டினீர்கள். மீட்டர் முந்நூறுக்கு மேல் காட்டியது. "மிஷின் பழுது" என்றீர்கள். இன்னொரு மீட்டரில் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. ஹாலே சிரித்தது, நான் உங்கள் பெயரை நோட்டில் முதல் ஆளாக எழுதினேன்.

சோறு, மாத்திரை, நடை எல்லாவற்றிலும் முணுமுணுத்துக்கொண்டே வழிக்கு வந்தீர்கள். செருப்பில்தான் முட்டிக்கொண்டோம். கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சரளைக்கல் பொட்டலில் வெறுங்காலோடு நடந்து, பட்டாசு செய்யும் ரூமுக்குள்ளும் வெறுங்காலில் நிற்பது உங்கள் கம்பெனி வழக்கம். உங்கள் பாதத்தில் அதற்குள் உணர்ச்சி குறைய ஆரம்பித்திருந்தது. முள் ஏறினால்கூடத் தெரியாது. அப்படித் தெரியாமல் வந்த புண்ணால் காலையே எடுத்தவர்களுக்கு வார்டில் கட்டுக் கட்டியவள் நான். உங்களை அந்தக் கட்டிலில் பார்த்துவிடுவேனோ என்று எனக்கு ஒரே பயம்.

என் பேச்சைக் கேட்டு உங்கள் ஆள் ஒருவர் வெடிமருந்து நிரப்பும் ரூமுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து கத்தினீர்கள். "உம் பாடத்தைக் கேட்டுட்டு அவன் பாட்டுக்கு உள்ள வாரான் புள்ள! செருப்படில ஒரு கல்லு ஒட்டியிருந்து உரசுச்சுன்னு வையி, கால் என்ன கால், ஆளே மிஞ்ச மாட்டான்."

"அப்ப உங்க கால் அழுகுனா பரவாயில்லையாக்கும்?" என்று நானும் கத்தினேன். இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் சங்கடம்.

கடைசியில் வழி கண்டது நீங்கள்தான். செருப்பு விடும் இடத்தைக் கேட்டிலிருந்து ரூம் வாசலுக்கு மாற்ற முதலாளியிடம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினீர்கள். அங்கே கழற்றி, காலைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். தரையைக் கூட்டிப் பார்த்த பிறகே ஆட்களை விட்டீர்கள். வெயிலில் கொதிக்கும் சரளையை அதன் பிறகு யாரும் வெறுங்காலில் மிதிக்கவில்லை.

மிச்சம் என் பாடு. நீங்கள் தினமும் வேலை முடிந்து வந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து, காலை என் மடியில் எடுத்து வைத்துப் பார்ப்பேன். பாதம், குதிகால், விரலிடுக்கு. முதலில் கூச்சப்பட்டு நெளிந்தீர்கள். பிறகு தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "பாத்தீகளா, வீட்ல நமக்கு எம்புட்டு மரியாதைன்னு" என்று பீற்றிக்கொண்டீர்கள்.

போன வருஷம் தீபாவளி லோடு போய்க்கொண்டிருந்த சமயம் நெஞ்சு எரிந்திருக்கிறது. கேஸ் என்று சோடா குடித்துச் சமாளித்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு, கம்பெனி வாசலில் விழுந்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெட்டியில் வைப்பதற்கு முன்னால் உங்களுக்குக் காலுறை மாட்ட வந்தவரை நிறுத்தினேன். உங்கள் காலை மடியில் எடுத்து வைத்தேன். கட்டிக்கொண்டு அழப்போகிறேன் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். நான் பார்த்தேன். பாதம், குதிகால், விரலிடுக்கு. ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

இப்போது வகுப்பில் யாராவது, "கம்பெனிக்குப் போறவுகளுக்கு இதெல்லாம் ஒத்து வராது டீச்சர்" என்றால் கையிலிருக்கும் பாதப் படத்தைக் கீழே வைத்துவிடுகிறேன். "காலமெல்லாம் கம்பெனில வெறுங்காலோட நின்ன சுகர்காரர் ஒருத்தரை, கால்ல ஒரு கீறல் இல்லாம அடக்கம் பண்ணியிருக்கேன்" என்கிறேன்.

"யாரு டீச்சர் அது?"

"எங்க வீட்டுக்காரர்."

அதற்கு மேல் யாரும் வாதாடுவதில்லை. காலை நீட்டுகிறார்கள்.