பிள்ளைகளுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்

2008

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை ஒன்பதுக்கே வாசல் சுடுகிறது. பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து பிள்ளைகள் புத்தகத்துக்கு ஒதுக்கியாயிற்று. இருப்பவை: கணக்குப் புத்தகம் 2 (ஒன்றில் விடைகள் கிழிந்திருக்கின்றன, நல்லது), படக்கதை 11, மணிச்சட்டம், பூதக்கண்ணாடி, அட்லஸ். அட்லஸில் ஆப்பிரிக்கா மேல் சாம்பார்.

யாழினிக்குப் பத்து, கவினுக்கு ஆறு. பள்ளியில் யாழினி பேச்சையே விட்டுவிட்டாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். ஜனவரியில் நிறுத்தி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அக்கா வீட்டில் இருக்கும்போது தம்பி மட்டும் போவானா? இப்போது இரண்டு பேருக்கும் நான்தான் டீச்சர்.

மாலை உடுமலையிலிருந்து நங்கையா, இவருடைய அக்கா, போன். தன் தம்பியிடம் பேசுவதை நானும் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசுவார்.

"ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல யாழினிக்கு ஒரு சீட்டு சொல்லி வெச்சிருக்கறேன். முப்பத்தொண்ணுக்குள்ள உண்டா இல்லையான்னு சொல்லிப்போடோணும். ஊட்ல வெச்சு எத்தன நாளைக்குடா வெளையாடறது?"

இவர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆரம்பிப்பதற்குள் முந்திக்கொண்டார். "நல்லா சொல்லித் தர்றேன்னு நீயே சொல்றே. நான் தெச்ச சட்டைய நானே பாஸ் போட முடியுமா? வெளியாள் ஒருத்தரு பாக்கோணும்."

முடிவு: 25ஆம் தேதி பிள்ளைகளுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். பாஸ் என்றால் வீட்டுப் படிப்பு. ஃபெயில் என்றால் யாழினி ஹாஸ்டல். பார்ப்பவர் ஜெயாக்கா.

வேறு ஆளே கிடைக்கவில்லையா இவருக்கு? வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தையல் யூனிட்டில் இருபது வருஷமாகச் செக்கிங் பார்ப்பவர் ஜெயாக்கா. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார், மறுபேச்சு கிடையாது. போன தீபாவளிக்கு எங்களுக்கு முறுக்கு தந்தபோதே உடைந்த நாலைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் தந்தார்.

யாழினி படுக்கும்போது கேட்ட ஒரே கேள்வி: "அம்மா, அங்க ஒரு ரூம்புல எத்தன கட்டிலுங்க?"

மே 7, புதன்

கோவை. உக்கடம் பழைய புத்தகக் கடைகள். பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வரும்போது நின்றுகொண்டே.

வாங்கியது: பூச்சிகள் பற்றி ஒன்று (படங்கள் அருமை, யாரோ எல்லா வண்டுக்கும் மீசை வரைந்திருக்கிறார்கள்). வீட்டிலேயே செய்யும் அறிவியல் சோதனைகள். விடுகதைத் தொகுப்பு. கப்பல் ஆட்டம்: உலக வரைபட அட்டை, தாயக்கட்டை, நாலு காய். துறைமுகம் துறைமுகமாகச் சரக்கு இறக்க வேண்டும். அட்டையில் தூத்துக்குடி இல்லை. பேனாவால் நானே வைத்துவிட்டேன்.

வாங்காதது: முப்பதே நாளில் மேதை ஆக்கும் புத்தகம். கடைக்காரர் அதைத்தான் மூன்று முறை எடுத்து நீட்டினார்.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் பனியன் கம்பெனி சாம்பிள் செக்‌ஷனில் இருந்தவள் நான். சாம்பிளைத் துவைத்து, சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்க்காமல் யாரையும் துணி வெட்ட விட்டதில்லை. புத்தகத்துக்கும் அதே சட்டம். ஒன்றும் சொல்லாமல் தரையில் போட்டுவிட வேண்டியது. மூன்று நாளில் மூலை மடங்கியிருந்தால் பாஸ். தூசி படிந்திருந்தால் திரும்பப் போக வேண்டியதுதான்.

மே 10, சனி

ஆனைக்கும் அடி சறுக்கும்.

மத்தியானம் டை கட்டிய பையன் ஒருவன் கலைக்களஞ்சியம் விற்க வந்தான். பன்னிரண்டு பாகம், வழவழ தாள். இந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு எங்கள் நெருப்பெரிச்சல் ஊர் முழுக்க நடந்திருக்கிறானே என்று மோர் கொடுத்தேன். மோர் குடித்து முடிப்பதற்குள் பன்னிரண்டையும் வாங்கியிருந்தேன். ஒரு பாகத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்தால் எல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம். பனிமனிதன், சறுக்கு வண்டி, ஃபர் தொப்பி. இவர் சாப்பிடும்போது பன்னிரண்டையும் எண்ணினார். "சாம்பிள் அப்ரூவல் ஆகாமயே பல்க் ஆர்டர் போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க மேடம்." அவர் தட்டில் ரசத்தை ஊற்றினேன். ரசத்தில் உப்பு கூடிப்போனதற்கும் நான் பொறுப்பில்லை.

மே 14, புதன்

துவைத்துப் பார்த்த முடிவு. பூச்சி: அட்டையே கழன்றுவிட்டது, முதல் ரேங்க். விடுகதை: பாஸ். சோதனைகள்: கவின் பாஸ், என் சமையலறை ஃபெயில். கப்பல் ஆட்டம்: தினம் இரண்டு முறை. ஸ்கோர் எழுதப் பழைய டைரி ஒன்று ஒதுக்கியாயிற்று. தாயக்கட்டையை உருட்டி உருட்டியே கவின் கூட்டல் கற்றுக்கொண்டுவிட்டான், நான் சொல்லித் தரவே இல்லை.

பச்சைக் காயைக் காணோம். சோபா அடி, அரிசி டின் எல்லாம் தேடியாயிற்று. கவின்தான் தொலைத்திருப்பான் என்று திட்டினேன். சத்தியமாக இல்லை என்கிறான். ஆடுவது மூன்று பேர்தானே, மூன்று காய் போதும்.

கலைக்களஞ்சியம் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப் ஆகிவிட்டது. இன்று யாழினி மட்டும் ஏழாம் பாகத்தை ஸ்டம்பிலிருந்து உருவி, கரண்ட் போன நேரத்தில் ஜன்னலோரம் வைத்து ரொம்ப நேரம் படித்தாள்.

மே 18, ஞாயிறு

இன்னும் ஏழு நாள். பயம் வந்துவிட்டது. என் சட்டமெல்லாம் காற்றில். காலையிலிருந்து வாய்ப்பாடு, எழுத்து வேலை, மறுபடி வாய்ப்பாடு. எட்டேழு என்றேன். நாற்பத்தெட்டு என்றாள். ஸ்கேலால் மேஜையைத் தட்டினேன். திரும்பவும் கேட்டேன்.

தலையை மட்டும் ஆட்டினாள்.

அதே ஆட்டல். ஜனவரியில் எதிலிருந்து கூட்டி வந்தேனோ, அதை ஒரு மத்தியானத்தில் நானே செய்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஸ்கேலைத் தூக்கிப் பரணில் போட்டேன். மூன்று பேரும் பேக்கரிக்குப் போய்த் தேங்காய் பன் சாப்பிட்டோம். கவின் பன்னை எட்டாக வெட்டச் சொல்லி, எட்டில் ஐந்தைத் தான் எடுத்துக்கொண்டான். அவளுக்குப் பேச்சு திரும்பச் சாயங்காலம் ஆனது.

இனி அவர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே ஜெயாக்கா பார்க்கட்டும்.

மே 25, ஞாயிறு

ஜெயாக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்து, கையில் அம்பு ஸ்டிக்கர் தாளுடன் பத்து மணிக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். "பாத்து முடிச்சிட்டுக் குடிக்கேன். காபி குடிச்சா கண்ணு எளகிரும்."

பீரோ கீழ்த்தட்டுப் புத்தக அடுக்கின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று உருவினார். அட்டைப்பெட்டியிலிருந்து சட்டையை எடுப்பது போலவே. கவின் படித்தான், கூட்டினான். கடிகாரத்தில் மணி பார்க்கத் தெரியவில்லை. கடிகாரத்தில் ஒரு அம்பு. யாழினியிடம் வாய்ப்பாடு. எட்டேழில் நின்றாள். வாய்ப்பாட்டில் ஒரு அம்பு.

பிறகு என் பக்கம் திரும்பினார். "யக்கா, ஒங்க வாய் அசையுது. செத்த வெளிய நில்லுங்க."

வாசலில் நின்று ஜன்னல் வழியாகத்தான் மிச்சம்.

"ஏட்டி யாழினி, ஒண்ணு கேக்கேன். இது பரீட்ச இல்ல, எனக்கே தெரியாது. இருவது வருசமா இந்தக் கத்திரியிலதான் வெளிநாட்டுக்குப் போற அந்தக் குளிர்சட்டையச் செக் பண்ணுதேன். வேர்த்து ஊத்துது. யாருக்குட்டி இந்த வெயில்ல குளிருது?"

யாழினி எழுந்தாள். ஏழாம் பாகத்தையும் கப்பல் அட்டையையும் எடுத்து வந்தாள். தூத்துக்குடியில் விரலை வைத்து, கடல் கடலாக நகர்த்தி, இங்கே தைத்து முடித்துக் கப்பலில் போய்க் கடைக்கு வர எத்தனை மாதம், அதற்குள் அந்த ஊரில் எப்படிக் குளிர்காலம் வந்துவிடும் என்று சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள். கால் மணி நேரம் இருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்படியா சங்கதி," என்றார் ஜெயாக்கா. ஸ்கோர் டைரியைப் புரட்டினார். அம்மா, யாழினி, கவின். அடுத்த பக்கம் அம்மா, யாழினி, கவின். கடைசி வரை பார்த்துவிட்டு, மூலையில் கைகட்டி நின்ற இவரிடம் போய்ச் சட்டைப்பையில் ஒரு அம்பை ஒட்டினார்.

"அண்ணாச்சி, இது பெரிய குத்தம். பிள்ளையளச் சரியில்லேன்னு சொல்ல ஒரு நாளாவது கூட ஒக்காந்திருக்கணும்லா? ஆல்டர் பண்ணிட்டுக் காட்டுங்க. அப்பந்தான் பாஸ் போடுவேன்."

காபி மட்டும் இரண்டு டம்ளர் குடித்தார்.

மே 30, வெள்ளி

சாயங்காலம் காற்று கொஞ்சம் வீசியது. திங்களிலிருந்து இவர் வேலை முடித்து ஆறு மணிக்கு வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி. "காய் மூணுதான இருக்குது" என்பது சாக்கு. அம்பு ஒட்டிய சட்டையை மாற்றிவிட்டார், ஆனால் அம்பு பர்ஸில் இருக்கிறது. பார்த்தேன்.

இன்று நாங்கள் மூவரும் ஆடிக்கொண்டிருக்கும்போது போன். நங்கையா. நாளைக்குக் கடைசி நாள்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. யாழினியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தச் சீட்டு வேண்டாங்க்கா. பாப்பா ஊட்லயே படிக்கட்டும். இல்லீங்க்கா, அவங்கம்மா சொல்லல, நாந்தான் சொல்றேன்." அந்தப் பக்கம் நிறைய பேச்சு. "செரி, அப்பறம் பேசறேனுங்க. சோலியா இருக்கறேன்."

யாழினி எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம். போய்ப் பார்த்தேன். அவளுடைய பழைய பள்ளிப் பை. உள்ளே மடித்து வைத்த இரண்டு கவுன், பிரஷ், பூச்சிப் புத்தகத்தின் கழன்ற அட்டை. எப்போது கட்டி வைத்தாளோ, எனக்குத் தெரியாது. அடியில் கையை விட்டுத் துழாவி, காணாமல் போன காயை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"அப்பா, நீங்க பச்சைங்க."