கோட்டை டீச்சரை நான் தப்பவிட்ட கதை

என் செல்ல வாயாடி சரசுவுக்கு,

இல்லையப்பா, நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. சரி, ஒளித்தேன்தான். அதற்காக இப்போதே முகத்தைத் திருப்பினால் எப்படி? முழுதாகக் கேட்டுவிட்டு ஏசும். போன பிறகும் நீர் என்னோடு சண்டைக்கு நிற்பது நல்லதுதான். வீடு அவ்வளவு சத்தமில்லாமல் கிடக்கிறது.

அந்தக் கோட்டை நாவலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சீனி வியாதி உம்முடைய கண்ணை மங்கவைத்த பிறகு, பின்னேரத் தேத்தண்ணியோடு நான்தானே வாசித்துக் காட்டினேன்? இருநூறு வருஷத்துக்கு முந்திய கதை. ஜெர்மன் காட்டுக்குள் இருண்ட கோட்டை, அதற்குச் சொந்தக்காரரான பிரபு, மேல்மாடியில் அவருடைய நோயாளிச் சீமாட்டி, இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குப் பாடம் சொல்ல வீட்டோடு வந்து தங்கிய டீச்சர். உம்முடைய சிநேகிதி பூமணி வாசித்து முடித்துவிட்டுத் தந்த புத்தகம்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் வாசித்தால் சும்மா வாசிப்பானா? பிரபு காலமை புட்டும் சம்பலும் சாப்பிட்டார் என்று ஒருநாள் சேர்த்துவிட்டேன்.

"இஞ்சருங்கோ, ஜெர்மன்காரன்ர கோட்டைக்குள்ள ஆரப்பா புட்டு அவிச்சது?"

"டீச்சர்தான். கெட்டிக்காரியப்பா அவள்."

"உங்கட பகிடியை விட்டிட்டு உள்ளதை வாசியுங்கோ."

கடைசி அத்தியாயத்துக்கு முதல்நாள் நீர் என் கையைப் பிடித்தீர். "அந்த டீச்சரைக் கெட்டவளாக்கி முடிச்சினமெண்டால் எனக்கு மனம் தாங்காது. நானும் இஞ்ச ஜெர்மனிக்கு வந்த புதுசில ஆரோ ஒருத்தர்ர வீட்டில பிள்ளையள் பாத்தனான்தானே. ஒரு கரண்டி காணாமல் போனாலும் முதல்ல என்னைத்தான் பாத்தவை."

மறுநாள் திறந்து பார்த்தால், சீமாட்டியின் மருந்தில் நஞ்சு கலந்தவள் அந்த டீச்சரேதான். பிள்ளைகளையும் கோட்டையையும் தனக்கென்று எடுக்க நினைத்திருக்கிறாள். நான் என்ன செய்ய? வாயில் வந்ததை வாசித்தேன். நஞ்சு வைத்தது பிரபுவின் தம்பி. டீச்சர் பெட்டியோடு வண்டி ஏறினாள், பிள்ளைகள் கை காட்டின. நீர் கண்ணைத் துடைத்தீர். எனக்கோ பெரிய எழுத்தாளன் என்ற நினைப்பு.

உடனே பூமணிக்குப் போன் எடுப்பீர் என்று யார் கண்டது? ஸ்பீக்கரில் வேறு போட்டீர்.

"பூமணி, அவள் ஒரு பிழையும் செய்யேல்லை, பாத்தீரே!"

"உமக்கென்ன விசரோ? கொலைகாரியே அவள்தான். கண் தெரியாட்டிலும் காதாவது கேக்கோணும்."

நீர் போனை வைத்துவிட்டீர். முப்பது வருஷச் சிநேகிதம். பக்கத்தில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாசம் போனது.

பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டீர்: "பூமணிக்கு ஒருக்கா நம்பர் அடிச்சுத் தாங்கோ." இரண்டு தரம் கேட்டீர். போனில் சார்ஜ் இல்லை என்றேன். சார்ஜ் இருந்தது, சரசு. நீங்கள் இரண்டு பேரும் கதைத்தால் என் கள்ளம் பிடிபட்டுவிடும் என்று பயந்தேன். இவ்வளவு கெதியாக நீர் போய்விடுவீர் என்று நான் நினைத்தேனா?

செத்தவீட்டில் பூமணி கடைசி வரிசையில் இருந்தார். உம்முடைய முகம் பார்க்க அருகில் வரவேயில்லை.

நேற்றுப் புத்தகத்தோடு பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, இதைத் தரவோ டோர்ட்முண்ட் முழுக்கச் சுத்தி வந்தனீங்கள்? தபாலில போட்டிருக்கலாமே."

"இல்லைப் பூமணி. கடைசி அத்தியாயத்தை நான்தான் மாத்தி வாசிச்சனான். சரசு தான் கேட்டதைத்தான் உங்களுக்குச் சொன்னவ."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "அப்ப, நான் அவவுக்குச் சொன்ன சொல்லு?"

"அதில உங்கட பிழை இல்லை. இன்னும் ஒண்டு கிடக்கு, கேளுங்கோ. ஆஸ்பத்திரியில சரசு உங்களை..."

அவர் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போவேன். கதவைத் திறக்காவிட்டால் வெளியில் நின்றே சொல்லுவேன்: நீர் அவரைத்தான் கேட்டீர், இரண்டு தரம் கேட்டீர், தடுத்தவன் நான் என்று. இந்த முறை ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். இது சத்தியம்.

பொய்யாய் வாசித்து உம்மைப் பேய்க்காட்டிய புருஷன்,
சின்னராசா