படகு மறைந்த பிறகும் கேட்ட மேளம்

செவ்வாய், இரவு

அப்பா துடுப்பு வலித்த சினிமாக் காட்சிக்கு, அதற்கென்றே பதிவுசெய்து படத்தில் சேர்க்காமல் விட்ட இசையை அண்ணன் இன்று கம்ப்யூட்டரில் பொருத்தினான். அந்த ஷூட்டிங்குக்குப் போன அப்பா வீடு திரும்பவேயில்லை. எங்கேயோ ஓடிவிட்டார் என்றார்கள் சினிமாக்காரர்கள்.

ஒவ்வொரு துடுப்பு வலிப்புக்கும் மேளம் விழுந்தது. படகு எண்ணூர் பாலத்துக்கடியில் நுழைந்ததும் காட்சியை வெட்டியிருந்தார்கள். கறுப்புத் திரையிலும் மேளம் தொடர்ந்தது. திடீரென வேகமெடுத்து, பாதியில் நின்றது.

"மேளக்காரங்க வெட்டாத முழுக் காட்சியையும் பாத்துதான் வாசிப்பாங்க," என்றான் அண்ணன் மெதுவாக. "அப்போ இன்னாத்த பாத்தாங்க?"

சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்: "உங்க நைனா வலிக்கிற மாதிரியே கீதுடா! இன்னொரு வாட்டி போடு."

இப்போது இருட்டில் அம்மா பாயில் விரலால் அதையே தட்டிக்கொண்டிருக்கிறாள். மேளம் நின்ற இடத்தில் அவள் நிறுத்தவில்லை.