உன் அம்மா வள்ளம் ஏறிய செவ்வாய்க்கிழமை

இயேசு மரி சூசை

குருநகர்,
ஆடி 18

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அங்கே நீங்கள் மூவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்காதே. நான் ஒரு வசனம் சொல்ல உன் அம்மா மூன்று திருத்தம் சொல்கிறாள், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் மீனவர் சங்கம் இங்கிருந்து கவுதாரிமுனைக்குப் பயணிகள் வள்ளம் விட்டிருக்கிறது. சண்டைக்குப் பிறகு இந்தக் கடலில் ஆட்களை ஏற்றி ஓடும் எங்கள் முதல் வள்ளம், அதை ஓட்டும் தண்டையல் நான்தான். முதல் கிழமை ஏறியது நாலு பேரும் ஒரு ஆடும். ஆடு மட்டும் நிமிர்ந்து நின்றது. மற்ற நாலு பேரும் புது இருக்கைகளை விட்டுவிட்டுக் கீழே பலகையில் குந்தி, தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். சண்டை நேரம் நேவியின் சூட்டுக்குப் பயந்து இருட்டில் கிளாலிக் கடலைக் கடந்த பழக்கம், முப்பது வருடமாகியும் விடவில்லை.

ஒரு மாதத்தில் ஆள் சேராவிட்டால் நிறுத்துவோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. சந்தையில் கேட்டால், தண்டையல்ரை மனுசியே ஏறாத வள்ளத்திலை நாங்கள் ஏன் ஏறுவான் என்கிறார்கள். நியாயம்தானே. மூன்று மாதக் குழந்தையாக உன்னைத் தூக்கிக்கொண்டு கிளாலியில் வந்து இறங்கிய நாள் தொட்டு அவள் கடலில் கால் வைத்ததில்லை. கவுதாரிமுனையில் பெரியம்மா கால் முறிந்து கிடக்க, கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குச் சங்குப்பிட்டிப் பாலத்தால் சுற்றி, இரண்டு பஸ் மாறி, மணலில் ஓட்டோ பிடித்துப் போனாள். கொண்டுபோன கறி புளித்துவிட்டது. ஊரெல்லாம் சுத்தி எனக்குப் பழங்கறியோடி கொண்டுவாறாய் என்று பெரியம்மா ஏசிவிட்டா. நான் ஒரு மாதமாகக் கெஞ்சி நடக்காதது அந்த ஒரு ஏச்சில் நடந்தது.

போன செவ்வாய்க்கிழமை கணவாய்க்கறிச் சட்டியோடு வந்து ஏறினாள். சேலைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஆயர் பவனி வருவதுபோல நடு இருக்கையில் இருந்தாள். பாதி வழியில் என் கை தானாக எஞ்சினை நிறுத்திவிட்டது. அந்த நாளில் அப்படித்தான், இடையில் நிறுத்தி நேவிப் படகுச் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்போம். வள்ளத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துவிட்டார்கள். இஞ்சருங்கோ, என்னத்துக்கு நிப்பாட்டினனீங்கள், அக்கான்ரை கறி ஆறுது, எஞ்சினைப் போடுங்கோ என்றாள் உன் அம்மா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். யார் தண்டையல் என்று எனக்கே விளங்கவில்லை. நேற்று பதினேழு பேர் ஏறினார்கள், நிறுத்துகிற பேச்சைச் சங்கம் இப்போது எடுப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை இறங்குமுன் என் பக்கத்தில் வந்து இன்னொன்றும் சொன்னாள். கிளாலியில் நீ அழாமலிருக்க உன் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாளாம், கையை எடுக்கும்போது நீ நீலமாகிப் போயிருந்தாயாம். அன்று நான் பின்னால் எஞ்சினோடு இருந்தேன், எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உப்புக் காத்து என்று சமாளித்தேன், அவள் நம்பவில்லை. மார்கழிக்கு ஜெனிற்றா வரட்டும், பேத்தியையும் ஏத்தி நடுக்கடலிலை ரெண்டு பேரையும் வாய் நிறையக் கத்தவிடவேணும் என்கிறாள்.

மாதா உங்களை எந்நேரமும் காப்பாராக. மருமகனுக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தம். டிக்கெட்டை இப்போதே போடு, தொண்டையைக் கவனமாக வைத்திருந்து வா.

உன் அப்பா,
ம. சூசைநாதன்