பன்னிரண்டாவது பை

ஏப்ரல் 11, வெள்ளி

நாளை நடைக் குழுவோடு எனக்கு மூன்றாவது நடை. இந்தக் கனாப் ஊரிலேயே பிறந்து அறுபத்து மூன்று வயதாகியும், அந்தக் குறுகலான பாறைச் சந்துகளுக்குள் நுழைந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. அக்கா லுவானா விட்டால்தானே? "பாறை என்ன, உன்னைக் கடிச்சுத் தின்னுடுமாடி?" என்கிறாள். அவளுக்குத் தோளில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம்தான் ஆகிறது, ஆனாலும் அவள்தான் முன்னால் ஓடுவாள். பையின் ஜிப்பைக்கூட மூட மாட்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்து பின்னாலேயே போய் மூடிவிடுவது என் வேலை.

ஏப்ரல் 12, சனி, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் பன்னிரண்டு பேர் கிளம்பினோம். வண்டிகளை நிறுத்திய இடத்தில் குழுவின் பெரியவர் ஆர்வில் வழக்கம்போலச் சொன்னார்: "ஒதுங்கப் போறவங்க பையை வழியிலேயே வச்சுட்டுப் போங்க. நான்தான் கடைசி ஆள். பை கிடந்தா, ஆள் வர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்." பதினான்கு வருடமாக அவர் ஒருவரையும் தொலைத்ததில்லை. எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பத்தரை மணிக்கு, ஒற்றை ஜூனிப்பர் மரத்தடியில் அக்காவின் பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தோள் வலியில் போட்டுவிட்டு, உதவி கேட்க வெட்கப்பட்டு முன்னால் போய்விட்டாள் என்று நினைத்தேன். எடுத்தேன். ஜிப்பை மூடினேன். அடுத்த வளைவில், பாறை இடுக்குக்கு முன்னால் எல்லோரும் பைகளைக் குவித்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குவியலில் வைத்தேன். அவ்வளவுதான்.

இடுக்கைத் தாண்டிச் சாப்பிட உட்கார்ந்தபோது பன்னிரண்டு பைகள், பதினொரு பேர்.

அவள் தண்ணீர், தொப்பி, விசில் எல்லாம் அந்தப் பைக்குள். வெளியே நெருப்பாக வெயில். ஆர்வில் முகம் வெளுத்துப்போனது. "வழியில பை எதுவும் கிடக்கலையே... பார்த்துக்கிட்டேதானே வந்தேன்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். "அந்த ஒத்தை மரத்துக்கிட்டதான் அவளைக் கடைசியாப் பார்த்தேன்" என்று மட்டும் வந்தது. பொய். பையைத்தான் பார்த்தேன். ஐயோ, ஏன் சொல்லவில்லை?

மூன்று மணி நேரம். ஒதுங்கிவிட்டு வந்து பையையும் எங்களையும் காணாமல், வறண்ட ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் தவறான பக்கம் போயிருந்தாள். பாறை நிழலில் நாக்கு ஒட்டிக் கிடந்தவளை ஆர்வில்தான் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது.

ஏப்ரல் 13

பிழைத்துக்கொள்வாளாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆர்விலுக்குக் கண் மங்கிவிட்டதாம், இனி அவர் கடைசி ஆளாக வர வேண்டாமாம். வியாழன் நடக்கும் குழுக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். அவரே ஃபோன் செய்தார்: "வயசாயிடுச்சு நெட்ரா. அந்தக் குவியல்ல பையை வச்சுட்டு அவ ஒதுங்கப் போனதைக் கவனிக்காம வந்துட்டேன் போல."

போல! பாவம் அந்த மனுஷன். ஆனால் சொல்லிவிட்டால் அக்கா என் முகத்தில் விழிப்பாளா? எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

ஏப்ரல் 16

சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அக்கா வீடு வந்துவிட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஜிப் மூடியிருக்கு" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என் பையை நான் என்னைக்குடி மூடியிருக்கேன்? ஆஸ்பத்திரியிலேயே பார்த்துட்டேன். நீயாச் சொல்லுவேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"செத்துப்போயிருப்பியே லுவானா" என்று அழுதேன்.

"சாகலையே. அந்த மனுஷனையாவது உயிரோட விடு. கூட்டம் ஏழு மணிக்கு. கிளம்பு."

கிளம்புகிறேன்.

மே 24, சனி

இப்போது ஆர்விலோடு நானும் கடைசியில் வருகிறேன். கூட்டத்தில் நான் உண்மையைச் சொன்ன பிறகு அவரேதான் கேட்டார்.

இன்று வழியில் அக்காவின் பை திறந்து கிடந்தது. என் கை ஜிப்புக்குப் போனது. பின்னால் கட்டிக்கொண்டேன். வெயிலில் நின்றோம்.

பாறைக்குப் பின்னாலிருந்து, "நெட்ரா, இருக்கியாடி?" என்றாள்.

"இருக்கேன்."

கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, மறுபடியும் அவள் குரல். "இருக்கியாடி?"