அந்த அழைப்புக்கு நான் சொன்ன பதில்

பாபகூரா, ஓக்லன்ட்
ஞாயிறு காலை

என் செல்ல மகள் பிரணவிக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். கல்கரிக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்பாளைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைக்கிற அம்மா ஏன் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ வேலைக்கு நேரமாச்சு என்பாய், நானும் அதைச் சாட்டாக வைத்துச் சொல்லாமல் விட்டுவிடுவேன், இதோடு மூன்று தரம் அப்படித்தான் நடந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்து எழுத்துக்கூட்டி வாசி பிள்ளை, மெதுவாக வாசித்தால் நல்லது, ஒரு வரியையும் தாண்டிப் போகாதே.

அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் பாணுக்கு ஜாம் பூசுவதை விடவில்லை. உங்கள் பாட்டுக் குழுவில் டிரம்ஸ் அடித்த ரஜிதனுக்கு மாசியில் வீடு வாங்கியாச்சு, பெண் குழந்தையும் பிறந்திருக்கிறது. தகனினியில் நீங்கள் பாடிப் பழகிய கராஜை இடித்துவிட்டு அந்தக் காணியில் மூன்று வீடு கட்டுகிறார்கள். எனக்குத்தான் பத்து நாளாக ஒரே அந்தரம். வேலைக்குத் தகனினியில் இறங்க வேண்டியவள் மனுரேவா வரைக்கும் ரயிலில் போய்த் திரும்பி வருகிறேன், அயன் பண்ணி மடித்த யூனிபோர்மை விரித்துத் திரும்ப அயன் பண்ணுகிறேன்.

பத்து நாளைக்கு முன் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு மெரே வந்தாள். உங்கள் லாஸ்ட் பாடொக் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவளேதான். அவளுடைய பெரியப்பாவை எங்கள் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள், அவரைப் பார்க்க வந்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்குமாக வாசித்தாள். ஆர்மி காம்ப் பக்கத்து ரோட்டைப் பற்றி நீ எழுதிய பாட்டு. அவள் பாடவில்லை, சொற்கள் வரவேண்டிய இடத்தில் கிட்டார் மட்டும் இழுபட்டது. ஒரு கிழவர் இதைப் பாடுகிறவள் எங்கே என்று கேட்டார். அவள் எங்களை விட்டிட்டுப் போயிட்டாள் என்று மெரே சொன்னாள். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றேன், ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. ஏனென்றால் நீ யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை பிள்ளை, அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருசத்துக்கு முன், உன் பார்மசிப் பரீட்சைக்கு முதல் நாள். நீ போனை நிறுத்திவிட்டு அறைக்குள் படித்துக்கொண்டிருந்தாய், நான் கை முறிந்து வீட்டில் இருந்தேன். உங்களுக்குக் கம்பனியும் இல்லை மனேஜரும் இல்லை, அதனால் ஆறு வருசமும் போஸ்டரில் இருந்தது என் இலக்கம்தான். எத்தனை கிளப்புக்கு, எத்தனை பண்ணைக் கண்காட்சிக்கு நானே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் கிட்டார்ப் பெட்டிகளோடு வானுக்குள் நெருக்கியடித்துப் புறப்படும்போது சோற்றுப் பார்சல் கட்டித் தந்திருக்கிறேன். யாருடைய தயவும் இல்லாமல் இரண்டு அல்பம் செய்தீர்கள், சொல்லவில்லையே தவிர எனக்குப் பெருமைதான். ஆனால் நீ வானிலேயே உன் வாழ்க்கையை முடித்துவிடுவாயோ என்று பயமும் இருந்தது.

அன்றைக்கு என் போனுக்கு எடுத்தவர் அவுஸ்திரேலியாவில் பெரிய கன்ட்ரி இசை விழா நடத்துகிறவர். ஒரு குழு வராமல் விட்டதால் பெரிய மேடையில் இடம் இருக்கிறது, நாளைக்கே புறப்பட வேண்டும், இப்பவே பதில் சொல்லுங்கள் என்றார். நான் உன் அறைக் கதவு வரை போனேன். தட்டவில்லை. பரீட்சை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம், அடுத்த வருசம் திரும்பக் கேட்டிருப்பார். அவர் மெரேயைத் தேடிப் பிடித்துவிடுவாரோ, அவள் உன்னைக் கிளப்பிவிடுவாளோ என்ற பயத்தில், அவர்கள் இப்போது சேர்ந்து பாடுவதில்லை, குழு கலைந்துபோய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த மனுசன் ஒரு மாதம் கழித்து மெரேக்கு எழுதினார், நீங்கள் கலைந்தது கவலை என்று. மற்றவர்களும் அதைக் கேள்விப்பட்டு உங்களைக் கூப்பிடாமல் விட்டார்கள். பரீட்சைக்காக நீதான் என் போனில் இரகசியமாக அவருக்குச் சொன்னாய் என்று மெரே நினைத்தாள், நீ சத்தியம் செய்தும் நம்பவில்லை. பிறகு நீ கல்கரிக்குப் போய்விட்டாய். போக முதல் எங்கள் குசினியில் நின்று, அம்மா நான் சொல்லேல்லை என்று அழுதாய். தெரியும் பிள்ளை என்று உன் தலையைத் தடவினேன். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னதில் அந்த ஒரு சொல்தான் உண்மை.

பத்து நாளைக்கு முன் மெரே வாசித்துவிட்டுப் போகும்போது, கார் நிறுத்துகிற இடத்தில் இதை அவளிடம் சொன்னேன். அவள் கிட்டாரை நிலத்தில் வைத்தாள். “மூண்டு வருசமா அவளைப் பொய்க்காரி எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன் அன்ரி” என்ற கருத்தில் இங்கிலீஷில் சொன்னாள். பிரணவிக்குத் தெரியுமா என்று கேட்டாள், இல்லை என்றேன். முதலில் அவளுக்குச் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் நான் அவளோடு கதைக்கலாம் என்றாள். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை, கார்க் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். இந்தக் கிழமையும் வந்தாள். சொல்லியாச்சா என்று மட்டும் கேட்டாள்.

நேற்றுப் பின்னேரம் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்றும் கேட்கவில்லை. தோட்டத்துக்குள் போய்ப் புல்லு வெட்டினார், போன கிழமைதான் வெட்டிய புல்லு. திரும்பி வந்து, எழுதி முடித்தால் என்னிடம் தா, கீழே நானும் ஒரு வரி எழுத வேண்டும் என்றார்.

நான் செய்தது உன் நல்லதுக்கு என்று எழுத மாட்டேன். உன் நல்லது எது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. நீ இனிப் பாட வேண்டும் என்றோ மருந்துக்கடையில்தான் இருக்க வேண்டும் என்றோ சொல்ல எனக்கு வாயில்லை. மெரேயின் புது இலக்கம் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. முதலில் அவளுக்கு எடு. என்னைத் திட்ட வேண்டுமானால் அதற்குப் பிறகு எனக்கு எடு, எவ்வளவு நேரமென்றாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் குரலுக்கும் உன் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் அம்பாள் காக்கட்டும். விற்றமின் டி குளிசையை மறக்காதே, ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள் தனக்குப் போட மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வசந்தமலர்

மகள், அன்றைக்கு நான் வேலையால் வந்து வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றேன். அம்மா போனில் சொன்னது முழுக்கக் கேட்டது. நானும் உன் கதவைத் தட்டவில்லை. அம்மாவுக்கே இது இப்போதுதான் தெரியும்.
அப்பா, மகேசன்