புது ஃபென்ஸும் உங்க மாமாவும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் உடம்பளவுல நல்லா இருக்கோம். நீ அங்க உடம்புக்கும் மனசுக்கும் குறையில்லாம இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கிறேன். போன வாரம் போன்ல இருமினியே, அது நின்னுச்சா. தலைக்கு ஒண்ணும் போடாம குளிர்ல வெளிய போறதை நிறுத்து, கேட்க மாட்டே, இருந்தாலும் சொல்லிட்டேன். போன் இருக்கும்போது எதுக்கு அம்மா கடிதம் எழுதறான்னு நினைப்பே. போன் அடிச்சா அப்பா ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறார், அது உனக்கே தெரியும். அவர் கூட இல்லாம நான் உன்கிட்ட கடைசியா எப்பப் பேசினேன்னு யோசிச்சுப் பார்த்தேன், ஞாபகம் வரலை. அதான் எழுதறேன்.

ட்ரில் மெஷினுக்கு வாங்கின ஃபென்ஸ், அதான் மரத்தை அணைச்சு நேராப் பிடிக்கிற கட்டை, எப்படி இருக்குன்னு நீ ரெண்டு தடவை கேட்டே. ரெண்டு தடவையும் அப்பா பிரமாதம்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குத் தாவிட்டார். ஃபென்ஸ் நல்லாத்தான் இருக்கு. அது வந்த கதைதான் நல்லா இல்லை. முழுசாச் சொல்றேன், அவசரப்படாம படி. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு குழந்தைக் கட்டில் செஞ்சோமே, அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. நாலு பக்கமும் உருட்டுக் குச்சி வெச்சு அடைச்ச கட்டில். மேல் சட்டத்துலயும் கீழ் சட்டத்துலயும் வரிசையாத் துளை போட்டு அந்தக் குச்சிகளை இறக்கணும், துளை வரிசை சட்டத்தோட நடுவுல நேராப் போகணும், ஓரத்துக்கு ஒதுங்கிட்டா மரம் பிளந்துக்கும். துளை போடறது எப்பவும் போல உங்க மாமா. என் தம்பிங்கறதுக்காகச் சொல்லலை, பதினாறு வருஷமா அந்த மெஷின் முன்னால நின்னவன் அவன் ஒருத்தன்தான். ஒரு நூல் ஏத்து, ஒரு நூல் இறக்குன்னு அங்குலத்துல எட்டுல ஒரு பங்கைக் கூட விட்டுக் குடுக்க மாட்டான்னு பட்டறையில எல்லாரும் அவனுக்கு நூலுன்னே பேர் வெச்சுட்டாங்க. அப்பல்லாம் நம்மகிட்ட ஃபென்ஸுன்னு தனியா எதுவும் கிடையாது. மெஷின் மேசை மேல ஒரு நேரான பலகையை ரெண்டு பக்கமும் க்ளாம்ப் போட்டு இறுக்கி, சட்டத்தை அதுல அணைச்சு நகர்த்திக்கிட்டே துளை போடுவான். அந்த வாரம் அப்பா அடுத்த ஆர்டருக்கும் தேதி குடுத்துட்டு, ரெண்டே நாள்ல மொத்தத் துளையும் முடியணும்னு பின்னாலயே நின்னார். முதல் நாளே மாமா சொன்னான், சட்டம் என்னமோ ஆடற மாதிரி இருக்கு அத்தான், நிறுத்திட்டுப் பார்க்கட்டுமான்னு. ஆடினா அழுத்திப் பிடி, பார்க்கறதுக்கெல்லாம் நேரம் இல்லைன்னு அப்பா சொன்னார். நான் பத்தடி தள்ளி வார்னிஷ் அடிச்சுக்கிட்டிருந்தேன், ரெண்டையும் என் காதால கேட்டேன்.

கட்டில் போன மூணாம் நாள் அத்தனையும் வேன்ல திரும்பி வந்துச்சு. தலைமை நர்ஸம்மாவும் கூடவே வந்தாங்க. ஒரு கட்டிலை இறக்கி, குச்சியை ரெண்டு விரலால தள்ளிக் காட்டினாங்க, சட்டம் துளையோரமா விரிஞ்சு குச்சி வெளிய வந்துடுச்சு. துளை வரிசை மேல விரலை ஓட்டிக் காட்டி, உள்ள குழந்தை இல்லாதது உங்க அதிர்ஷ்டம்னு சொன்னாங்க. கத்தலை, மெதுவாத்தான் சொன்னாங்க. புது வார்டு திறக்க இன்னும் மூணு மாசம் இருக்கு, சரியாச் செய்ய முடிஞ்சா செய்ங்க, இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கிறோம்னாங்க. மாமா மெஷின் பக்கம் போயிட்டுத் திரும்பி வந்தான். வந்தவனை அப்பா அந்த அம்மா முன்னாலயும் வேன் டிரைவர் முன்னாலயும் வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். கண்ணு தெரியலைன்னா வீட்ல உட்காரு, அடுத்தவன் பிள்ளை உசிரோட விளையாடாதேன்னார். உன் அக்கா முகத்துக்காகத்தான் இத்தனை வருஷம் வெச்சிருந்தேன்னார். மாமா காதுல செருகியிருந்த பென்சிலை எடுத்து மேசை மேல வெச்சுட்டு, சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் வரலை. மறுநாள் போன்ல அப்பா சொன்னதைக் கேட்டுட்டு நீயும், மாமாவுக்கு வயசாகுதில்ல, கை தடுமாறுது போலன்னு சொன்னே. அதோட விட்டியா, அவனுக்கே போன் போட்டு நல்ல கண் டாக்டராப் பாருங்கன்னு வேற சொன்னே. உன்னைக் குறை சொல்லலை, உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா அவனுக்கு நாப்பத்தாறு வயசுதான் ஆகுது.

அதுக்கப்புறம் அப்பாவுக்கு ஒரே பிடிவாதம், இனிமே யார் கையையும் நம்பி வேலை நடக்கக் கூடாது, மெஷினுக்கு நல்ல ஃபென்ஸ் வேணும்னு. நீயும் படம் படமா அனுப்பினே. ஒண்ணரை மாசம் கடை கடையா ஏறி இறங்கினோம், பையைத் தூக்கிக்கிட்டு நானும் பின்னாலயே போனேன். முதல் கடையில பார்த்தது ஒரே நீளத்துல அலுமினியக் கட்டை, பார்க்க ஜோரா இருந்துச்சு, ஆனா துளை போடற இடத்துல மரத்தூள் வெளிய போக வழியில்லை, தூள் சேர்ந்தா சட்டம் தள்ளி நிக்கும்னு வேண்டாம்னுட்டார். அடுத்த கடையில ரெண்டு துண்டாப் பிரிஞ்சு நகர்றது இருந்துச்சு, இறுக்கற திருகு பிளாஸ்டிக், இவர் திருகின திருகுல அது கையோட வந்துடுச்சு, கடைக்காரர் முகத்தைப் பார்க்கணுமே. கடைசியா வாங்கினது நீ சொன்ன மாதிரிதான், ரெண்டு துண்டு, மேல அளவுப் பட்டை, துளைக்குத் துளை ஒரே தூரம் வர்றதுக்கு ஒரு நிறுத்துக் கட்டை, பின்னால ஒரு திருகு, அதைத் திருப்பினா மயிரிழை மயிரிழையா முன்ன பின்ன நகருது. அதையும் உங்க அப்பா சும்மா நம்பிடலை. நம்ம மெஷின் மேசையில இருக்கிற காடிப் பள்ளத்தோட அகலத்தைக் காகிதத்துல குறிச்சுக் கொண்டு போயிருந்தார், அதுக்குப் பொருந்துதான்னு பார்த்தார். பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து ஃபென்ஸ் மேல நிறுத்தி, பின்னால டார்ச் அடிச்சு, நடுவுல எங்கயாவது வெளிச்சம் கசியுதான்னு முட்டி போட்டுப் பார்த்தார். ஐயா பார்க்கிறது ஃபென்ஸா மாப்பிள்ளையான்னு கடைக்காரர் கேட்டார். அப்பா சிரிக்கலை. எனக்கு அப்ப வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஒரு அலுமினியத் துண்டுக்கு இத்தனை விசாரணை நடக்குது, என் தம்பிக்கு ஒரு நிமிஷம் கிடைக்கலையேன்னு. ஆனா அதைச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன்னு இப்பச் சொல்றேன்.

ஃபென்ஸை மாட்டறதுக்காகப் பழைய பலகையைக் கழட்டி ஓரமா இருந்த மேசை மேல போட்டார். அது போட்ட இடத்துல தொட்டில் மாதிரி ஆடிச்சு. அப்பா அதை எடுத்துக் கண்ணுக்கு நேரா நீட்டிப் பார்த்தார், பலகை நடுவுல வயிறு தள்ளி வளைஞ்சிருந்துச்சு. சட்டம் அந்த வயித்து மேல அப்படியும் இப்படியும் ஆடியிருக்கு, அதான் துளை வரிசை பாம்பு மாதிரி நெளிஞ்சிருக்கு. அப்பவாவது அவர் வாயை மூடியிருக்கலாம். பார்த்தியா உன் தம்பியோட லட்சணத்தை, பலகை வளைஞ்சிருக்கிறதைக் கூடப் பார்க்காம பதினெட்டு கட்டிலுக்குத் துளை போட்டிருக்கான்னார். மகனே, அந்தப் பலகையை வளைச்சது நான். கட்டில் வேலைக்கு முந்தின வாரம் ஸ்டூல் கால்களுக்கு வார்னிஷ் அடிச்சேன், காய வைக்க ஒண்ணும் அகப்படலைன்னு மெஷின்லருந்து அந்தப் பலகையைக் கழட்டி, வெளிய ரெண்டு டிரம் மேல போட்டு, அதுமேல கால்களை நிறுத்தினேன். திடீர்னு மழை பிடிச்சுக்கிச்சு. கால்களை அள்ளிக்கிட்டு உள்ள ஓடினேன், பலகை அங்கயே கிடந்து நனைஞ்சது, மறுநாள் வெயில்ல காய்ஞ்சது. துடைச்சுக் கொண்டுவந்து பழைய இடத்துலயே மாட்டிட்டேன். ஒரு பக்கம் நனைஞ்சு வெயில்ல காய்ஞ்ச மரம் வளையும்னு எனக்குத் தெரியாதா, இருபத்தாறு வருஷமா பட்டறையில கிடக்கிறேன். நர்ஸம்மா அந்தத் துளை வரிசை மேல விரலை வெச்சு ஓட்டினப்பவே எனக்கு விளங்கிடுச்சு. அப்பா கத்தினப்ப, சூடு அடங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அடங்கினப்புறம், மறுபடி எதுக்குக் கிளறணும்னு நினைச்சேன். இப்படியே ரெண்டு மாசம் போச்சு.

ஃபென்ஸ் மாட்டின அன்னிக்கு அப்பாகிட்ட சொல்லிட்டேன். பலகையைக் கையில பிடிச்சபடியே கேட்டுக்கிட்டார். கத்தலை, கத்தியிருந்தா தேவலை. இதை இப்ப எதுக்குச் சொல்றேன்னு மட்டும் கேட்டுட்டு, குனிஞ்சு ஃபென்ஸுக்குத் திருகு மாட்ட ஆரம்பிச்சுட்டார். மறுநாள் காலைல பல் தேய்ச்சுக்கிட்டே, எப்படியிருந்தாலும் மெஷின் ஓட்டறவன்தான் பலகையைப் பார்க்கணும், விடுன்னார். ஆடுதுன்னு அவன் சொன்னானே, நீங்கதானே பார்க்க விடலைன்னு கேட்டேன். வாயைக் கொப்பளிச்சுட்டு உள்ள போயிட்டார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

நானே கிளம்பி மாமாவைப் பார்க்கப் போனேன். இப்ப அவன் சரக்குப் பெட்டி அடிக்கிற இடத்துல இருக்கான், ஆணி அடிக்கிற வேலை, அளவு கிளவு எதுவும் பார்க்க வேண்டியதில்லை, பெட்டி உடையாம லாரி ஏறினாப் போதும். சாப்பாட்டு நேரம், பலகை அடுக்கு மேல உட்கார்ந்திருந்தான், ஆளு இளைச்சுப் போயிட்டான். பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். கேட்டு முடிச்சுட்டுத் தெரியும்க்கான்னான். எப்படிடான்னேன். கட்டில் திரும்பி வந்த அன்னிக்கே மெஷின்கிட்ட போய்ப் பலகையைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஸ்டூல் கால் நின்ன தடம் வட்ட வட்டமா வார்னிஷா இருந்துச்சு, வேற யாரு அங்க வார்னிஷ் அடிக்கிறாங்கன்னான். அப்ப ஏன்டா சொல்லலைன்னு கேட்டேன். சொல்லத்தான் வந்தேன், அதுக்குள்ள அத்தான் ஆரம்பிச்சுட்டார், நீ சொல்லுவேன்னு உன்னைப் பார்த்தேன், நீ வார்னிஷ் டப்பாவையே பார்த்துக்கிட்டு நின்னே, சரி அக்கா பயப்படறா, இவ்வளவு பேர் முன்னால அந்தத் திட்டு அவளுக்கு வேண்டாம், நாமளே வாங்கிக்குவோம்னு விட்டுட்டேன்னான். அதுல எனக்கு வருத்தம் இல்லைக்கா, அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வாசல்ல யாராவது செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டா நீதானோன்னு எட்டி எட்டிப் பார்த்தேன் பாரு, அதுதான்னான். சொல்லிட்டு டிபன் டப்பாவை மூடினான், பாதி சாப்பாடு அப்படியே இருந்துச்சு.

திரும்பி வந்துடுடா, அத்தான்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு கெஞ்சினேன். அவர் என்ன சொன்னார்னு கேட்டான். விடுன்னார்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது, குனிஞ்சு என் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். அவனுக்கு அதுவே போதுமானதா இருந்துச்சு. மணி அடிச்சுதும் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு, பார்த்துப் போக்கான்னுட்டு ஆணிப் பையை இடுப்புல கட்டிக்கிட்டுப் போயிட்டான். அடிக்கடி வான்னு சொல்லலை. நான் எப்பப் போனாலும் அதைச் சொல்லாம என்னை அனுப்பினதே இல்லை.

பதினெட்டு கட்டிலுக்கும் புதுச் சட்டம் போட்டாச்சு. அப்பாவே நின்னு புது ஃபென்ஸை வெச்சுத் துளை போட்டார், ஒண்ணு கூடப் பிசகலை, நர்ஸம்மா வந்து ஒவ்வொரு குச்சியாத் தள்ளிப் பார்த்துட்டுத் திருப்தின்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்தினியாங்கிற அளவுக்குப் பேச்சு இருக்கு. போன வாரம் வேன் டிரைவர் என்கிட்ட சொன்னார், பெட்டி அடிக்கிற இடத்துக்கு எதிர்ல ஐயா ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தார், அப்புறம் ரோட்டைத் தாண்டாமலே திரும்பிட்டார்னு. சாயங்காலம் எங்க போனீங்கன்னு கேட்டேன். ஆணி வாங்கப் போனேன்னார். பட்டறையில ஆணி மூணு டப்பா பிரிக்காமலே இருக்கு. இவர் ரோட்டைத் தாண்டறதுக்குள்ள எங்க மூணு பேர்ல ஒருத்தர் போய்ச் சேர்ந்துடுவோம்னு தோணுது. இப்படி எழுதக் கூடாதுதான், மனசு கசந்து கிடக்கு, எழுதிட்டேன்.

உன்கிட்ட நான் கேட்கிறது ஒண்ணுதான். மாமாவுக்குப் போன் பண்ணு. திரும்பி வேலைக்குப் போங்கன்னு சொல்லாதே, அது நீ சொல்ற விஷயம் இல்லை, அம்மா பாவம்னும் சொல்லாதே, நான் பாவம் இல்லை. கண் டாக்டரைப் பாருங்கன்னு சொன்னியே, அது தப்பு மாமான்னு மட்டும் சொல்லு. இந்த வீட்லருந்து அந்த ஒரு வார்த்தையை அவனுக்குச் சொல்ல ஒருத்தராவது இருக்கணும். அப்பாவுக்குத் தெரிஞ்சா தெரியட்டும், இந்தக் கடிதத்தை மறைச்சு வைக்க வேண்டியதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசா, நாலு பேர் மெச்ச நல்லா இரு. வேலை இருக்கு, ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்னு தள்ளிப் போடாதே. நானும் அப்படித்தான் ஒவ்வொரு நாளாத் தள்ளிப் போட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா